கொழும்பில் முந்திரிகைப் பந்தல்: ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை

தெஹிவளையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஆறு முந்திரிகைக் கொடிகள் நிற்கின்றன. 12 அடி அகலம், 30 அடி நீளத்தில் ஒரே பந்தல். இதைத் தோட்டம் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியப்பா சிரிப்பார். அம்மா, அண்ணா, நான், என் மகள் என்று நாலு பேர் பார்த்துக்கொள்கிறோம். இரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடுவதில்லை. (திராட்சை என்று பழகியவர்களுக்கு: எங்கள் பக்கம் அது முந்திரிகை. கஜுவை மரமுந்திரிகை என்போம்.)

எங்களிடம் தடி வாங்கிப்போய் நட்ட வீடுகள் பத்துப் பதினைந்து இருக்கும். பழம் கண்டவர்கள் அதில் பாதிகூட இல்லை. காய்க்காத பந்தல்களைப் போய்ப் பார்த்தேன். எருவிலோ தண்ணீரிலோ பெரிய பிழை இல்லை. அநேகமாக எல்லா இடத்திலும் பிழை கொடியை வெட்டிய திகதியில்தான் இருந்தது. அதனால் மண்ணுக்கு முன்னால் கலண்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

1. தடி வாங்குமுன் திகதியைக் குறியுங்கள்

குளிர்நாட்டில் முந்திரிகைக் கொடி குளிரில் தூங்கி, வெயில் வந்ததும் எழும்பும். இங்கே அதற்குத் தூக்கம் இல்லை. நீங்கள் வெட்டும் நாள்தான் அதற்கு விடியல். வெட்டி இரண்டு கிழமையில் துளிர் வரும், சுமார் 40 நாளில் பூக்கும், 110 முதல் 120 நாளில் பழுக்கும். என்று வெட்டினாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

ஆனால் மழை நம்மைக் கேட்டு வருவதில்லை. கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே மாதம் ஒரு உச்சம், ஒக்டோபர்–நவம்பரில் இன்னொரு உச்சம். ஜனவரியும் பெப்ரவரியும்தான் ஓரளவு காய்ந்த மாதங்கள். பழம் சீனி பிடிக்கும் நாட்கள் அந்த இரண்டு மாதத்துக்குள் விழ வேண்டும். பெப்ரவரி கடைசியில் பறிப்பதென்று வைத்து 115 நாள் பின்னால் எண்ணினால் நவம்பர் முதல் கிழமை வரும். பழத்துக்கான வெட்டு அப்போதுதான்.

அதோடு ஏப்ரல் தொடக்கத்தில் இன்னொரு வெட்டு உண்டு. அது பழத்துக்கல்ல, நவம்பரில் பழம் தரப்போகும் தடிகளை வளர்க்க. எங்கள் வீட்டில் ஏப்ரல் வெட்டைக் கட்டை வெட்டு என்றும் நவம்பர் வெட்டைப் பழ வெட்டு என்றும் சொல்வோம். இரண்டு வெட்டு, ஒரு விளைச்சல்.

யாழ்ப்பாணத்தில் வருடம் இரண்டு முறை பறிக்கிறார்களே என்று எல்லாரும் கேட்பார்கள். நாங்களும் ஒருமுறை ஆசைப்பட்டு ஏப்ரலிலேயே பழத்துக்காக வெட்டினோம். மே நடுப்பகுதியில் பூத்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் பந்தலுக்குக் கீழே பூ முழுவதும் தவிடுபோலக் கிடந்தது. அங்கே இரண்டு முறை பறிக்க முடிவதற்குக் காரணம் அங்குள்ள நீண்ட வெயில். அதை லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவர முடியாது.

அம்மா இதை “தீபாவளிக்கு வெட்டு, பொங்கல் கழிய நிறம், சிவராத்திரிக்குப் பழம்” என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முழுக்க நம்ப வேண்டாம். 2023இல் தீபாவளி நவம்பர் 12ஆம் திகதி வந்தது, 2025இல் ஒக்டோபர் 20ஆம் திகதி. ஒக்டோபர் 20இல் வெட்டினால் இளந்துளிர் அடைமழைக்குள் மாட்டிக்கொள்ளும். ஆங்கிலத் திகதியையே பிடியுங்கள்.

2. இடம்: வெயிலை டிசம்பரில் பாருங்கள்

ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலமாவது நேர்வெயில் வேண்டும். இதற்குக் குறைந்தால் இலை வரும், பழம் வராது.

புதியவர்கள் ஜூன், ஜூலையில் வளவைப் பார்த்து “நல்ல வெயில்” என்று முடிவெடுக்கிறார்கள். அந்த மாதங்களில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. டிசம்பர், ஜனவரியில் தெற்கே சரிந்துவிடும். தெற்குப் பக்கத்தில் நாலு மாடித் தொடர்மாடி இருந்தால், பூவும் பிஞ்சும் வெயில் கேட்கும் அதே நாட்களில் பந்தல் நிழலில் கிடக்கும். வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டில் இதுதான் நடந்தது. கொடி மதிலைத் தாண்டி வளர்ந்தது, மூன்று வருடமாக ஒரு குலை இல்லை. டிசம்பர் வரை காத்திருக்க முடியாவிட்டால் தெற்கே என்ன நிற்கிறது என்றாவது பாருங்கள்.

காற்று ஓடவும் வேண்டும். மழை நின்றபின் இலை எவ்வளவு விரைவில் காய்கிறது என்பதில்தான் பாதி நோய்க்கணக்கு இருக்கிறது. மூன்று பக்கமும் உயர்ந்த மதில் உள்ள முற்றம் நல்ல இடமல்ல. மொட்டைமாடி வெயிலுக்கும் காற்றுக்கும் நல்லது. ஆனால் 200 லீற்றர் பீப்பாய்க்குக் குறைந்த மண்ணில் வைக்காதீர்கள், சட்டிக்குக் கீழே தட்டும் வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

3. குழியும் மண்ணும்

யாழ்ப்பாணச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறது. கொழும்பின் கபுக் எனும் செம்புரைக்கல் மண்ணோ புளிப்பு மண். அதனால் நடுவதற்கு ஒரு மாதம் முன்பே டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக்கல் தூள்) கலந்துவிட வேண்டும். அது மெதுவாகக் கரைவது, நட்ட பிறகு மேலே தூவினால் வேருக்குப் போய்ச் சேர நெடுநாள் ஆகும். ஒரு குழிக்கு அரைக்கிலோ போட்டோம்.

குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம். தோண்டிய மண்ணோடு மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். நிரப்பிய பின் தரையைவிட ஓரடி மேடாக இருக்க வேண்டும். மே மாதத்தில் தண்ணீர் வேரடியில் நின்றால் கொடி அப்படியே மஞ்சளாகும். வட்டமாகப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது வடக்கின் பழக்கம், இங்கே அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

கடலோரத்தில் கிணற்று நீர் பாய்ச்சுபவர்கள் முதலில் அதை வாயில் வைத்துப் பாருங்கள். உப்பு இலேசாகத் தெரிந்தாலே வேண்டாம். இலையின் ஓரம் தீய்ந்ததுபோலக் கருகும், அதை நோய் என்று நினைத்து மருந்து தேடி அலைவீர்கள்.

4. தடி

விதையில் முளைத்த கன்றை வாங்காதீர்கள். தாய்க்கொடியின் பழம் அதில் வராது. தடியிலிருந்து வேர்விட்ட கன்றுதான் வேண்டும். எங்களுடையது யாழ்ப்பாணத்தில் பரவலாக உள்ள இஸ்ரேல் புளூ இனம், இரவு பஸ்ஸில் ஈரச் சாக்கில் சுற்றி வந்தது.

பழ வெட்டின்போது விழும் தடிகளில் பென்சில் பருமனுள்ள, பழுப்பேறிய துண்டுகளை எடுங்கள். நாலு கண் (துளிர் வரும் மொட்டு) இருக்க வேண்டும். அடிப்பக்கத்தை நேராகவும் மேல்பக்கத்தைச் சரிவாகவும் வெட்டுங்கள். இது அழகுக்கல்ல, எது தலை எது கால் என்று மறந்துபோகாமல் இருக்க. தலைகீழாக ஊன்றிவிட்டு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும்.

மணல், தும்புத்தூள், கூட்டெரு சம அளவில் கலந்த பையில் இரண்டு கண் மண்ணுக்குள்ளும் இரண்டு கண் வெளியிலுமாக ஊன்றி நிழலில் வையுங்கள். இலை வந்ததும் நட ஓடாதீர்கள். தடிக்குள் இருக்கும் சேமிப்பிலேயே முதல் இலைகள் வந்துவிடும், வேர் பின்னால்தான் வரும். மூன்று மாதம் பொறுத்து நடுங்கள்.

5. பந்தலும் முதல் வருடமும்

பந்தல் உயரம் ஆறரை அடி. கை எட்ட வேண்டும், தலை இடிக்கக் கூடாது. வருடத்தில் எத்தனை மணித்தியாலம் இதன் கீழே அண்ணாந்து நிற்கப்போகிறீர்கள் என்று முதல் வருடம் தெரியாது. ஜி.ஐ. பைப் தூண், மேலே ஒன்றரை அடிக்கு ஒரு கம்பி. மூங்கில் வேண்டாம், நம் ஈரத்தில் இரண்டு வருடத்தில் உளுத்துவிடும், அதற்குள் கொடி அதைப் பின்னிக்கொண்டிருக்கும்.

கன்றிலிருந்து ஒரே ஒரு தண்டை மட்டும் மேலே ஏற்றுங்கள். பக்கத்தில் வரும் துளிரையெல்லாம் கிள்ளிவிடுங்கள். பந்தலுக்கு ஒரு சாண் கீழே வந்ததும் நுனியைக் கிள்ளி, அங்கே வரும் இரண்டு துளிரை இரண்டு கையாக எதிரெதிர்ப் பக்கம் ஓட விடுங்கள். அந்தக் கைகளில் ஓரடிக்கு ஒன்றாகக் கிளைகள். அவ்வளவுதான் அமைப்பு. முதல் வருடம் ஓரிரு குலை வந்தாலும் கிள்ளி எறியுங்கள். மனம் வராது, மகள் அழுதாள், ஆனாலும் கிள்ளினோம். ஒழுங்கான விளைச்சல் நட்ட இரண்டு வருடத்தில்தான் வரும்.

6. ஏப்ரல் முதல் கிழமை: கட்டை வெட்டு

பறித்து முடித்து ஒரு மாதம் ஓய்வு கொடுத்தபின், சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் செய்து முடியுங்கள். பழம் தந்த தடிகள் எல்லாவற்றையும் அடியில் ஒரு கண், மிஞ்சினால் இரண்டு கண் விட்டு ஒட்ட வெட்ட வேண்டும். பந்தல் மொட்டையாகிவிடும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கொடியைக் கொன்றுவிட்டீர்கள் என்பார்கள்.

இவ்வளவு கடுமையாக வெட்டக் காரணம் இருக்கிறது. நவம்பரில் வரப்போகும் பூங்கொத்து, இந்த வெட்டுக்குப் பின் 45 முதல் 60 நாளுக்குள் புதுத்தடியின் கண்ணுக்குள்ளேயே உருவாகிவிடும். அந்த நாட்களில் தடிமேல் வெயில் விழாவிட்டால், அந்தக் கண் பிறகு வெறும் இலையும் பற்றுச்சுருளும்தான் தரும். ஏப்ரலில் பின்னேரம் இடிமழை வந்தாலும் காலை முழுக்க வெயில் இருக்கும். மே நடுப்பகுதியில் வானம் மூடுமுன் தடி அந்த வெயிலைக் குடித்துவிட வேண்டும். ஒரு கிழமை பிந்தினாலும் நட்டம் உங்களுக்குத்தான்.

துளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நெருக்கத்தைக் கலையுங்கள். ஒரு கொடிக்கு 12 முதல் 15 தடி போதும். மீதியைக் கையாலேயே உடைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் ஒன்றின் நிழலில் ஒன்று நின்று ஒன்றும் முற்றாது.

7. மே முதல் செப்டெம்பர்: இலையைக் காப்பாற்றும் காலம்

இந்த ஐந்து மாதம் பழமும் இல்லை, பெரிய வேலையும் இல்லை. அதனால்தான் பலர் பந்தலை மறந்துவிடுகிறார்கள். இலை நோயில் உதிர்ந்தால் தடி பழுப்பேறி முற்றாது. பச்சைத் தடியை நவம்பரில் வெட்டிப் பயனில்லை.

கிழமைக்கு ஒருமுறை இலையைப் புரட்டிப் பாருங்கள். மேலே எண்ணெய் பட்டதுபோல மஞ்சள் வட்டம், அதே இடத்தில் கீழே வெள்ளைப் பஞ்சு என்றால் அது அடிச்சாம்பல் நோய். நனைந்த இலையில்தான் பரவும். இலையின் மேற்பக்கம் மாவு தூவியதுபோல இருந்தால் அது வேறு, சாம்பல் நோய். முதலாவதற்குச் செம்பு கலந்த தெளிப்பு வேலை செய்யும், இரண்டாவதற்கு அவ்வளவாகச் செய்யாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான வாளியைத் தூக்குவது மிகச் சாதாரணமான பிழை. சாம்பல் நோய்க்கு ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பால் கலந்து, காலை வெயில் படும் நேரத்தில் தெளிக்கிறோம். ஆரம்பத்திலேயே பிடித்தால் கேட்கும்.

நோய் கண்ட இலையைப் பறித்து வளவுக்கு வெளியே அனுப்புங்கள், கூட்டெருவில் போடாதீர்கள். பற்றுச்சுருளையும் அக்குளில் வரும் சிறு துளிரையும் கிள்ளிக்கொண்டே இருங்கள். கீழே நின்று அண்ணாந்தால் இலைகளுக்கு நடுவே வானம் துண்டு துண்டாகத் தெரிய வேண்டும்.

8. ஒக்டோபர்: எருவும் கூரையும்

சேதன எரு உடனே வேலை செய்யாது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை உடைத்துத்தான் வேருக்குக் கொடுக்கும். ஆகவே வெட்டுக்கு மூன்று கிழமை முன்பே போட வேண்டும். ஒரு கொடிக்குப் பத்துக் கிலோ மக்கிய எரு, அரைக்கிலோ வேப்பம் புண்ணாக்கு, தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாக. மேலே கிளிசிரிடியா இலை மூடாக்கு. புதுக் கோழியெரு போடாதீர்கள், அதில் தழைச்சத்து அதிகம், கொடி இலையாகவே ஓடும். மீன்தலை புதைக்கும் யோசனையை அண்ணா ஒருமுறை செய்துபார்த்தார். தெருப் பூனைகள் முழுவதும் வந்து தோண்டியதில் வேர் வெளியே தெரிந்தது.

இனிக் கூரை. கொழும்பில் இரசாயனம் இல்லாமல் முந்திரிகை வேண்டுமானால் செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் இதுதான் என்பேன். பந்தலுக்கு இரண்டரை அடி மேலே பி.வி.சி. பைப்பை வில்லாக வளைத்து, பசுமைக்குடிலுக்குப் போடும் வெயில் தாங்கும் பொலித்தீனை விரிக்கிறோம். இலை நனையாவிட்டால் அடிச்சாம்பலுக்கு வழியில்லை. சாதாரணப் பொலித்தீன் சில மாதங்களில் பொடியாக உதிரும்.

இதில் இரண்டு பிழைகள் செய்தோம். முதல் வருடம் ஓரடி உயரத்தில் போட்டோம், அடைந்த சூட்டில் துளிர் வாடியது. பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, நடுவில் தொய்ந்த இடத்தில் குளம்போலத் தண்ணீர் நின்றது. வில்லை நெருக்கமாக வைத்து இழுத்துக் கட்டுங்கள், வழியும் நீரைப் பீலி வைத்துக் கானுக்கு விடுங்கள். அடுத்த வீட்டு மதிலில் விழுந்தால் அது தனிக்கதை.

9. நவம்பர் முதல் கிழமை: பழ வெட்டு

வருடத்தின் முக்கியமான இரண்டு நாட்கள் இவை. மழை விட்ட காலையில் தொடங்குங்கள். கத்தரியை ஸ்பிரிட் கொண்டு துடைத்து, கொடிக்குக் கொடி மறுபடி துடையுங்கள்.

முதலில் இலையெல்லாவற்றையும் கையால் உருவுங்கள். காய்ந்த இடங்களில் வெட்டுமுன் தண்ணீரை நிறுத்திக் கொடியைக் களைக்க விடுவார்கள். நம் ஒக்டோபர் மழையில் அது நடக்காது. இலையை உருவுவதுதான் அதற்குப் பதில். எல்லாக் கண்ணும் ஒரே நேரத்தில் எழும்பவும் பழைய இலையிலுள்ள நோய் புதுத்துளிருக்குத் தாவாமல் இருக்கவும் இது உதவும்.

பிறகு தடியைப் பாருங்கள். பழுப்பு நிறம், பென்சில் பருமன், வெட்டினால் உள்ளே நெட்டி சிறிதாக இருந்தால் அது பழத்தடி. அதில் ஐந்து கண் விட்டு, ஐந்தாம் கண்ணுக்கு ஓரங்குலம் மேலே வெட்டுங்கள். பச்சையான, மெல்லிய தடியை இரண்டு கண்ணோடு நிறுத்துங்கள், அது அடுத்த வருடத்துக்கு. எல்லாத் தடியையும் ஒரே நீளத்தில் முடி வெட்டுவதுபோல வெட்டிக்கொண்டே போவதுதான் புதியவர்களின் பிழை.

உங்கள் கொடிக்கு ஐந்து கண்தான் சரியா என்பது முதல் வருடம் தெரியாது. அதனால் சில தடிகளில் மூன்று, சிலதில் ஐந்து, சிலதில் எட்டு என்று விட்டு நிற நூல் கட்டி வையுங்கள். எந்தக் கண்ணில் குலை வந்தது என்று டிசம்பரில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்றாம் கண்ணிலிருந்து ஆறாம் கண் வரை நன்றாக வருகிறது.

வெட்டிய மறுநாள் வெட்டு வாயில் தண்ணீர் சொட்டும். “கொடி அழுகிறது” என்று இரவு பத்து மணிக்கு எனக்கு அழைப்பு வரும். ஒன்றும் செய்ய வேண்டாம். வேர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது, சில நாளில் தானே நிற்கும். மெழுகு, சீமெந்து, பற்பசை எதையும் அப்பாதீர்கள்.

நுனிக்கண் முதலில் எழும்பி மற்றவற்றை அமுக்கிவிடும். இதற்கு இரண்டு வேலை செய்கிறோம். தடியை இலேசாக வளைத்து, நுனி கீழே பார்க்கும்படி கம்பியில் கட்டுகிறோம். அத்தோடு உள்ளியை (பூண்டை) அரைத்து, நுனிக்கண்ணைத் தவிர மற்றக் கண்களில் அன்றைக்கே தடவுகிறோம். வர்த்தகத் தோட்டங்களில் கண்ணை எழுப்ப இரசாயனம் பூசுவார்கள், உள்ளியின் கந்தகச் சேர்மங்கள் ஓரளவு அந்த வேலையைச் செய்கின்றன. வளவு முழுக்க ரசம் வைத்த வாசனை வரும்.

10. செம்பைக் கணக்குப் பார்த்துத் தெளியுங்கள்

இயற்கை முறை என்று சொல்பவர்களும் போர்டோக் கலவை தெளிக்கிறார்கள். மயில்துத்தமும் (செம்பு சல்பேற்று) சுண்ணாம்பும் சேர்ந்த இந்தக் கலவைக்குச் சேதன விவசாய விதிகளில் பொதுவாக இடம் உண்டு, ஆனால் அளவோடு. செம்பு மண்ணில் சிதையாது. போட்டதெல்லாம் அங்கேயே சேர்ந்து, மண்புழுவைப் பாதிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு ஏழு வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 28 கிலோ செம்பு, அதாவது வருடத்துக்குச் சராசரி நாலு கிலோ. எங்கள் பந்தல் சுமார் 33 சதுர மீற்றர். கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 13 கிராம் செம்பு. மயில்துத்தத்தில் கால்வாசிதான் செம்பு என்பதால் ஏறக்குறைய 50 கிராம் மயில்துத்தம். அவ்வளவுதான் முழு வருடத்துக்கும்! நாங்கள் முன்பு ஒரே தடவையில் 30 கிராம் கரைத்துத் தெளித்து, அதையே ஆறேழு தடவை செய்துகொண்டிருந்தோம். இயற்கைத் தோட்டம் என்று பெருமை வேறு.

இப்போது அந்த 50 கிராமை இப்படிப் பங்கிடுகிறோம். வெட்டிய மறுநாள் ஒரு லீற்றர் முழுச் செறிவில், அதாவது 10 கிராம் மயில்துத்தம், 10 கிராம் சுண்ணாம்பு. அதைத் தூரிகையால் வெறும் தடிகளில் பூசுவது. மீதி 40 கிராமில் நாலு தெளிப்பு, ஒவ்வொன்றும் இரண்டு லீற்றர், அரைச் செறிவு. அதில் இரண்டு மே, ஜூனுக்கு. ஒன்று துளிர் நாலு இலை விட்டபோது, கடைசி பூக்குமுன். பூ விரிந்திருக்கும்போது தெளிப்பதில்லை. கூரை இருப்பதால்தான் இவ்வளவு குறைவாகச் சமாளிக்க முடிகிறது.

கலக்கும் ஒழுங்கு முக்கியம். மயில்துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் பாதித் தண்ணீரிலும், நீற்றிய சுண்ணாம்பை இன்னொன்றில் மீதித் தண்ணீரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். உலோக வாளி கூடாது. மினுக்கிய இரும்பு ஆணியை ஒரு நிமிடம் அமிழ்த்திப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே தெளித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். கலந்த அன்றே தீர்த்துவிடுங்கள். மிச்சத்தைக் கானில் ஊற்றாதீர்கள், மீனுக்கு நஞ்சு. கையுறை போடுங்கள், மயில்துத்தம் நல்ல நீல நிறமாக இருப்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

11. டிசம்பர், ஜனவரி: பூவிலிருந்து நிறம் வரை

பூ வந்ததும் செய்ய வேண்டியது குறைப்பதுதான். ஒரு துளிருக்கு ஒரு குலை, ஒரு கொடிக்கு 25 குலைக்கு மேல் விடுவதில்லை. மிளகளவு பிஞ்சாக இருக்கும்போது குலையின் அடிநுனியைக் கிள்ளிவிட்டால் மீதி ஒரே சீராகப் பழுக்கும். நாற்பது ஐம்பது குலை விட்டவர்களின் பழம் மார்ச் வரை புளிப்பாகவே நிற்கும். இலை செய்யும் சீனி அவ்வளவுதான், அதை எத்தனை வாய்க்குப் பங்கு போடுகிறோம் என்பதே விஷயம்.

பிஞ்சு பிடித்ததும் குலையை ஒட்டிய இரண்டு மூன்று இலைகளைக் கிழக்குப் பக்கமாக எடுத்துவிடுங்கள். காலை வெயில் பனியை உலர்த்தும். மேற்குப் பக்கத்தைத் தொடாதீர்கள், பின்னேர வெயில் பழத்தைச் சுடும். விறகடுப்பு உள்ள வீட்டில் கொடிக்கு இரண்டு கைப்பிடி சாம்பல் போடலாம்.

கூரைக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் நீங்கள்தான் ஊற்ற வேண்டும். மழை பெய்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை, கொடிக்கு 20 லீற்றர், இலையில் படாமல் வேரடியில்.

12. எறும்பு, அணில், வௌவால்

தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே எங்கோ மாப்பூச்சி இருக்கிறது. எறும்பு அதன் தேனுக்காக அதைக் காவல் காக்கும். முதலில் எறும்பை நிறுத்துங்கள்: தண்டைச் சுற்றி ஒரு துணிப்பட்டை, அதன்மேல் கிரீஸ். பிறகு மாப்பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீர் தோய்த்த பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுக்கலாம். வரிசையை மாற்றிச் செய்தால் முடிவே இல்லை.

நிறம் மாறத் தொடங்கிய அன்றே குலைகளுக்கு உறை போடுங்கள். “நாளைக்குப் போடலாம்” என்பதற்குள் அணிலுக்குத் தெரிந்துவிடும். பழைய நுளம்பு வலையில் அம்மா தைத்த பைகள்தான் எங்கள் உறை. காற்று போகும், பழம் தெரியும். பொலித்தீன் பை வேண்டாம், உள்ளே வியர்த்துப் பழம் அழுகும். வலைப் பையையும் அணில் கடிக்கும், ஆனால் குலை முழுவதும் போகாது. வௌவாலைத் தடுக்க இதுவே போதும்.

13. பறிப்பதும் பிறகும்

நீலம் ஏறியதும் பழுத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நிறம் வந்து நாலு ஐந்து கிழமை கழித்துத்தான் இனிப்பு நிறையும். வாழை, மாம்பழம்போல வெட்டி வைத்துப் பழுக்க வைக்கவும் முடியாது. கொடியிலிருந்து எடுத்த நிமிடமே இனிப்பு ஏறுவது நின்றுவிடும். குலையின் அடிநுனிப் பழம்தான் கடைசியில் பழுக்கும், அதைத் தின்று பாருங்கள். அது இனித்து, விதையும் பழுப்பாக இருந்தால் பறிக்கலாம்.

பறிப்பதற்கு இரண்டு கிழமை முன்பிருந்து தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், திடீரென்று நிறுத்தாதீர்கள். காய்ந்த வேருக்கு ஒரு பெரிய மழை கிடைத்தால் பழம் வெடிக்கும். பறிப்பது காலையில், பனி உலர்ந்தபின், காம்போடு கத்தரியால். பழத்தின் மேலுள்ள சாம்பல் படலம் மருந்தல்ல, பழத்தின் சொந்த மெழுகு. கழுவிவிட்டுச் சேமித்தால் சீக்கிரம் கெடும்.

கடைசிக் குலை போனதும் கொடியை மறந்துவிடாதீர்கள். பறித்த கிழமையே மீண்டும் ஐந்து கிலோ எருவும் வழக்கமான தண்ணீரும் கொடுங்கள். ஏப்ரல் வெட்டுவரை அந்த இலைகள் தண்டுக்கும் வேருக்கும் சேமிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும், கட்டை வெட்டுக்குப் பின் வரும் துளிர் அதில்தான் பிழைக்கும். பொலித்தீனைக் கழற்றிக் கழுவி, ஈரம் முழுக்கப் போனபின் மடியுங்கள். மேயில் வரும் காற்றில் விட்டால் ஒரே இரவில் கிழியும். மடித்ததை எலி ஏறாத உயரத்தில் வையுங்கள். எங்களுடையதை எலி கடித்த இடங்களுக்கு இந்த வருடம் ஒட்டுப்பட்டி ஒட்டியிருக்கிறோம், நவம்பரில்தான் தெரியும்.